ஃப்ரீசரைத் திறக்காதே

ஃப்ரீசரைத் திறக்காதே, உள்ளே கண்ணாடிச் சில்லு. நீ தலைமை நர்ஸ் ஆனதற்காக நேற்று ஸ்பார்க்ளிங் ஒயின் வாங்கி வந்தேன். சீக்கிரம் குளிரட்டும் என்று உள்ளே வைத்தவன் மறந்துவிட்டேன், பாட்டில் வெடித்துவிட்டது. ஊர் ஃப்ரிட்ஜையெல்லாம் ரிப்பேர் செய்கிற மெக்கானிக் வீட்டு லட்சணம்! சாயங்காலம் வந்து நானே சுத்தம் செய்கிறேன்.

இன்று கடை திறந்ததும் போய் நின்றேன். கடைக்கார அம்மா, "நேத்து இனிப்பில்லாதது எடுத்தீங்களே, அவங்களுக்குப் பிடிச்சிருந்துதா?" என்று கேட்டார். பதினோரு வருஷமாகியும் உனக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இனிப்பில் ஒன்று, இனிப்பில்லாததில் ஒன்று வாங்கிவிட்டேன். இரண்டும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் படுத்திருக்கின்றன.

ராத்திரி டியூட்டி முடித்து இப்போதுதான் படுத்தாய், எழுப்ப மனசு வரவில்லை. சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. சாவி ஆணியில்.

திங்கட்கிழமை நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே செய்தியைச் சொன்னாய். நான் என்ன கேட்டேன்? "அப்ப வீட்டை யாரு பாத்துக்குவா?" உன் முகம் சுண்டிப்போனது. இந்த வாய்க்குப் பூட்டுதான் போட வேண்டும்.

பி.கு: நேற்று அந்த அம்மா "என்ன விசேஷம்?" என்றதும், "எம் பொண்டாட்டி தலைமை நர்ஸ் ஆயிட்டா!" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். முன்பின் தெரியாதவரிடம் அவ்வளவு பெருமையடித்தேன்.

நீ வாசலில் நின்றது அதைக் கேட்கத்தானே?