திரும்பி வரக் காரணம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. பாப்பா உன்னை ரொம்பப் படுத்துகிறாளா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

முதலாளியம்மா குடும்பம் விடுமுறைக்கு நாலைந்து நாடு சுற்றப் போகிறது. அவர்கள் பையன் சின்னவனைப் பார்த்துக்கொள்ள நானும் போகவேண்டுமாம். அதற்கு விசா கேட்டு நேற்று போயிருந்தேன். கட்டுக் கட்டாகக் காகிதம் நீட்டியும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை.

"போற இடத்துலயே தங்கிட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?" என்றார்.

"குழந்தையை விட்டுட்டு எப்படி சார் இருப்பேன்? நான் தட்டிக் கொடுக்காம அவன் தூங்க மாட்டான்."

"உங்க குழந்தையா?"

"இல்ல சார், முதலாளி வீட்டுக் குழந்தை."

"உங்களுக்குக் குழந்தை இல்லையா?"

"ஒரு பொண்ணு இருக்கா சார்" என்று அப்புறம்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். விசா கிடைத்துவிடும் போலிருக்கிறது. பாப்பாவிடம் இதைச் சொல்லாதே அம்மா.

போகிற இடத்தில் நல்ல செருப்பு கிடைக்குமாம். பாப்பாவின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து, சுற்றி வரைந்து அனுப்பு. கடைக்காரர் அளவு கேட்டால் எனக்குச் சின்னவன் அளவுதான் வாயில் வருகிறது.

அவன் எழுந்துவிட்டான், கூப்பிடுகிறான். வரையும்போது பாப்பா காலை இழுத்துக்கொண்டால் அதட்டாதே. உள்ளங்காலில் அவளுக்குக் கூச்சம். இப்போதும் உண்டுதானே?

உன் மகள்