கிணற்றுக்குள் இறங்கும் ‘ரீ’

என் செல்வி அக்காவுக்கு,

உன் மூன்றாம் வகுப்பு இப்போது என்னிடம். ஆங்கில நேரத்துக்கு நீ எழுதிய பூதக் கதை நாடகத்தை நாளை பெற்றோர் முன்னால் போடுகிறோம். ஷூ கம்பெனியில் மிஞ்சிய தோல் துண்டுகளில் நீ எழுதிவைத்த ஆங்கிலச் சொற்களைத்தான் பிள்ளைகள் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ‘லாக்’ முன்னால் ‘அன்’ வந்து நின்றால் ‘அன்லாக்’ ஆகிப் பூதத்தின் கதவு திறக்கும். ‘டர்ன்’ முன்னால் ‘ரீ’ வந்து நின்றால் ‘ரிட்டர்ன்’ ஆகி, பூதம் கிணற்றில் தள்ளிய அண்ணன் திரும்பி வருவான்.

இம்ரான்தான் பூதம். “சார், பல்லு ஆடுது. பூதத்துக்குப் பல்லு வுழுந்தா பரவாயில்லியா?” தினமும் கேட்கிறான்.

‘ரீ’ நிஷாவுக்கு. அண்ணனைக் கூட்டிவரக் கிணற்றில் இறங்குவது அவள்தான். தோல் பதனிடும் டேனரியின் கழிவுத் தொட்டியில் இறங்கிய அவள் அப்பா உயிரோடு மேலே வரவில்லை. நீ கண்ணை மூடிய பிறகு நடந்தது. அன்றிலிருந்து வாய் திறக்காத பிள்ளை. நாடகத்திலாவது பேசட்டும் என்று கொடுத்தேன். வேறெதையும் யோசிக்கவில்லை.

நேற்று ஒத்திகை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. டேனரி வாட்ச்மேன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அவள் கழுத்தில் ‘ரீ’ எழுதிய தோல் துண்டு.

“தொட்டி மூடிகிட்ட நின்னுனு இருந்துச்சு சார். இன்னா பாப்பா இங்கன்னா, அப்பாவைக் கூட்டினு போக வந்தேங்குது.”

மூடி திறந்திருந்தால்? அவர் டீ குடிக்கப் போயிருந்தால்?

 

இன்று கதையை மாற்றினேன். யாரும் கிணற்றில் இறங்கக் கூடாது. எல்லோரும் மேலே நின்று கயிற்றை இழுக்க வேண்டும். இம்ரானுக்குக் குஷி. “பூதமும் இழுக்கலாமா சார்?”

நிஷா மட்டும் கயிற்றைத் தொடவில்லை.

“கயிறு புடிக்க முடியாதவங்க, சார்? அவங்க வரவே மாட்டாங்களா?”

“வரமாட்டாங்கம்மா.”

அவள் அழவில்லை. துண்டைக் கழற்றி என் கையில் வைத்தாள். நாளை மாட்டிக்கொள்வாளா? மறுபடியும் ஊமையாகிவிடுவாளா? நான் சொன்னது சரிதானா?

வகுப்பு காலியானதும் அதை என் கழுத்தில் மாட்டிக்கொண்டு உன் நாற்காலி முன்னால் போய் நின்றேன். நீ திரும்பி வருவாயா என்று பார்த்தேன்.

இனி அப்படி நிற்கமாட்டேன். பள்ளி விட்டதும் நிஷாவை அவள் அம்மா கையில் ஒப்படைத்த பிறகுதான் வீட்டுக்குப் போவேன். நாளையும், நாடகம் முடிந்த பிறகும்.

மேலே நிற்கும்,
உன் தம்பி.