சீழ்க்காயம் கடைசியில்

அன்பு மகள் ட்ரீசாவுக்கு,

ஊரே அடங்கிய நேரத்தில் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நாங்கள் சுகம், லூதியானா குளிரில் உனக்கு இழுப்பு வராமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். அப்பா மரவள்ளி பிடுங்கி முதுகைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல ரெண்டு நர்ஸ் இருந்தும் தைலம் தேய்க்க ஆளில்ல" என்று என்னை வம்புக்கு இழுக்கிறார். தம்பி கணக்கில் எப்படியோ தப்பித்துவிட்டான்.

உன் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. கட்டுப் போடும்போது கட்டில் எண் வரிசையிலேயே போகச் சொல்கிறார்கள், சீக்கிரம் முடிகிறது, நானும் பழகிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். பதினோரு வருடமாக நர்ஸ்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதே, சுத்தமான தையல் முதலில், சீழ்க்காயம் கடைசியில் என்பதைத்தான். ஏன் அதையே பிடித்துத் தொங்குகிறேன் என்று உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை, போனில் சொல்லவும் வாய் வராது.

நீ ஐந்தாவது படித்தபோது என் வார்டில் மூன்றாம் கட்டிலில் மரியக்குட்டி சேடத்தி, சர்க்கரையால் கால் அழுகிய வயசானவர். அன்று குவைத்திலிருந்து மகன் வருகிறான் என்று என் கையைப் பிடித்து, "மோளி, இந்த நாத்தத்தோடயா அவன் மூஞ்சிய பாப்பேன், எனக்கு முதல்ல கட்டிவிடும்மா" என்று அழுதார். மனசு கேட்கவில்லை, கட்டினேன். அடுத்த கட்டில் சுபைதா, குடல்வால் அறுவை முடிந்தவள், தையல் பிரித்தால் வீட்டுக்குப் போகலாம், வாய் ஓயாதவள். "சேச்சி, அந்தச் சேடத்தி காலை வெட்டுன கத்திரியா இது, என்னையும் அழுக வச்சிராதீங்க" என்று சிரித்தாள். கை கழுவியிருந்தேன், கையுறையும் மாற்றியிருந்தேன், கத்திரி மட்டும் அதே தட்டில் இருந்தது. கிருமி நீக்கிய புதுத் தட்டு வர அரைமணி ஆகும். "எல்லாம் புதுசுடீ, வாய மூடு" என்று அதே கத்திரியால் தையலைப் பிரித்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல், ஒன்பதாம் நாள் இறந்துபோனாள். காரணம் தெரியவில்லை என்று தாளில் எழுதினார்கள், நான் வாய் திறக்கவில்லை.

இன்றும் வகுப்பில் பலகையில் கட்டில் வரைந்தால் நான்காம் எண் போடக் கை வராது, "டீச்சருக்கு எண்ணத் தெரியல" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். தனியாகக் கை கழுவும்போது பின்னால் யாரோ நிற்பதுபோல் இருக்கும், திரும்ப மாட்டேன், திரும்பினால் "எல்லாம் புதுசா சேச்சி" என்று கேட்பாள்.

பெரிய சிஸ்டரிடம் சண்டை போடாதே மகளே. முந்தின நாளே புண்களைப் பார்த்து வரிசை எழுதி ட்ராலியில் ஒட்டிவிடு, ஆளுக்கொரு தட்டு, இல்லையென்றால் வரும்வரை நில். திட்டினால் வாங்கிக்கொள். யாராவது அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடி, வரிசையை மாற்றாதே.

மாதா உன் கைகளைக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, கம்பளி போடாமல் வெளியே போகாதே. இதைப் படித்தபின் என்னைப் பற்றி என்ன நினைப்பாயோ தெரியாது, எதையும் நினைத்துக்கொள், கட்டில் எண் வரிசையை விட்டுவிட்டேன் என்று மட்டும் சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
மோளி