தொந்தரவு செய்யும் மொழி

கழக்கூட்டம்
3-6-2025

அன்புள்ள தம்பி பிரவின்ராஜுக்கு,

அக்கா நலம். பெங்களூர் மழைக்குளிரில் உன் மூக்கடைப்பு எப்படி இருக்கிறது? அம்மா தினமும் அதைத்தான் கேட்கிறாள்.

நாம் இருவரும் உருவாக்கிய கம்ப்யூட்டர் மொழியின் இணைய முகப்புப் பக்கத்துக்கு நீ எழுதி அனுப்பியதைப் படித்தேன். 'எளிமை, வேகம், சுகம்.' பல்பொடி விளம்பரம் மாதிரி இருக்கிறது. பொன்முடி எஸ்டேட் கிளினிக் நர்ஸ் ஓமனா, பிள்ளைகளின் மருந்தளவுக் கணக்கை நம் மொழியில்தான் எழுதுகிறாள். போன வாரம் வெறுமனே ஐந்து என்று போட்டிருக்கிறாள். மொழி நின்றுவிட்டது. ஐந்து என்ன, மில்லிகிராமா மில்லிலிட்டரா என்று கேட்டிருக்கிறது. என்னைக் கூப்பிட்டுத் திட்டித் தீர்த்தாள். மருந்து பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டாள்.

“வலிய தொந்தரவாக்கும் சுஜா இது. ஆனா இது கேக்கலேன்னா பிள்ளைக்கு மருந்து கூடிப்போயிருக்கும்” என்றாள்.

நாம் தேடிய சொல் அதுதான். 'இது தொந்தரவு செய்யும் மொழி' என்று முதல் வரியில் போடு.

அன்புடன்,
சுஜா அக்கா


பெங்களூர்
9-6-2025

அன்புள்ள அக்கா,

மூக்கு சரியாகிவிட்டது. உன் வரியை, மொழியை வாங்க வந்தவர்களிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார்கள். அந்தக் கேள்வி கேட்பதையே எடுத்துவிட்டால் மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்களாம். சரி என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் உழைத்தோம், இனியாவது நிமிர வேண்டாமா? வெள்ளிக்கிழமை கையெழுத்து. பிடிவாதம் பிடிக்காதே அக்கா.

உன் தம்பி,
பிரவின்


கழக்கூட்டம்
12-6-2025

பிரவின்,

நாளை நீ கையெழுத்துப் போட எதுவும் மிச்சமில்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி நம் மொழி முழுவதையும் இன்று காலை இணையத்தில் வெளியிட்டுவிட்டேன். கேள்விகள் அப்படியே இருக்கின்றன. முதல் வரியும் நான் சொன்னதுதான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அவர்களுக்குப் பயந்து ஓமனாவின் கையில் ஒரு ஊமை மொழியைக் கொடுக்க என்னால் முடியாது.

அதில் பாதி உன்னுடையது. கோபப்படு, உனக்கு உரிமை இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன், அவளும் உன் பக்கம்தான்.

வெளியிடட்டுமா என்று கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய். அதனால் உன்னிடம் மட்டும் நான் கேட்கவில்லை.

சுஜா