சுருங்கிய கயிறு

பிப்ரவரி 2, ஞாயிறு
மஞ்சக்குப்பம் மைதானத்தில் சர்க்கரைப் பரிசோதனை முகாம். துணைக்கு வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். நான் எண்பத்தெட்டு கிலோ, அவர் அறுபத்திரண்டு. சீட்டில் எனக்கு 94, அவருக்கு 268. பார்த்ததுமே மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "சீட்டு மாறிப்போச்சு. குச்சியாட்டம் இருக்கிற சபாபதிக்கு ஏது சக்கர?" எல்லோரும் நம்பினோம். நானும்தான்.

பிப்ரவரி 3
எனக்குக் கேழ்வரகுக் கூழ். என் பங்கு கேசரி அவருக்கு.

பிப்ரவரி 20
சிதம்பரத்தில் தன் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறார். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பாத்ரூம். இன்று புது அரைஞாண் கயிறு கேட்டார், ஒரே வருஷத்தில் மூன்றாவது. "பழசு தண்ணில நனஞ்சு சுருங்கிப்போச்சு வெண்மதி."

கயிறு சுருங்குமா? கட்டிவிடும்போதுதான் பார்த்தேன். ஒல்லிக் கை, ஒல்லிக் கால், நடுவில் மட்டும் கெட்டியாக ஒரு தொப்பை. மறுபடி சோதித்தே ஆகவேண்டும்.

பிப்ரவரி 22
சீட்டு மாறவே இல்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.4. ஏழுக்குள் இருக்கவேண்டுமாம்.

டாக்டர் ஸ்ரீமதி பொறுமையாகச் சொன்னார். இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கடியில் தங்குகிற கொழுப்பு அவ்வளவாகத் தொல்லை தராதாம். அவருக்கு அங்கே சேரவில்லை. வயிற்றுக்குள், கல்லீரல் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது இருக்கும்வரை உடம்பு இன்சுலின் பேச்சைச் சரியாகக் கேட்காது. "உங்களுக்கு வரவே வராதுன்னும் நெனைக்காதீங்க" என்று எனக்கும் ஒன்று வைத்தார். மூன்று மாதம் மாத்திரை, நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு. அப்படியும் குறையாவிட்டால் ஊசி. காய்ச்சலுக்கே ஊசி என்றால் ஓடுகிற மனுஷன். பஸ்ஸில் என் கையை விடவே இல்லை.

மூணு வாரமா என் பங்கையும் சேத்து ஊட்டுனேனே! நான் என்ன பொண்டாட்டி? பயமா இருக்கு. அவருக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது.

மார்ச் 9
திருவந்திபுரம் வரை நடந்தோம்.
"எனக்குத்தான சக்கர, நீ ஏன் மூச்சு வாங்கிக்கிட்டு வர்ற?"
"கல்யாணம் ரெண்டு பேருக்குந்தான் ஆச்சு."
சிரித்தார். சிரித்து எத்தனை நாளாயிற்று!

மார்ச் 27
ஒளித்து வைத்திருந்த மைசூர்பாகைப் பிடித்தேன். சண்டை. பேச்சில்லை.

ஏப்ரல் 14
வருஷப் பிறப்பு. பாயசம் கிடையாது. என் தட்டில் மாமியாரே இன்னொரு இட்லி வைத்தார். "உன் சோத்தயே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். பெத்தவ எம்புள்ள வயித்தப் பாக்கலியேம்மா" என்றார். இருபது வருஷக் கோபம் அந்த இட்லியோடு இறங்கிவிட்டது.

மே 24
சராசரி 6.8. ஊசி இப்போதைக்கு வேண்டாம், நடையை மட்டும் விடாதீர்கள் என்றார் டாக்டர். வெளியே வந்து இரண்டு பேரும் அழுதோம், வெட்கமே இல்லாமல்.

மே 25
குளிக்கப் போனவர் கூப்பிட்டார். "வெண்மதி, கயிறு இடுப்புல நிக்க மாட்டேங்குது. நீண்டுபோச்சு போல."

முடிச்சை நாலு விரல் தள்ளிப் போட்டேன்.

"ஆமாங்க, வெயில்ல நீண்டிருக்கும்" என்றேன்.