நான்கு பிளாக்கும் ஒரு பால் டின்னும்

14.11.94, திங்கள்

தெற்கிலிருந்து சூட்டுக்காற்று. வீடெல்லாம் செம்புழுதி. காலையில் துடைத்தது மத்தியானம் திரும்ப வந்துவிட்டது.

வேலை: ஜன்னல் ஆறு, மீன், வீட்டுக்கார வக்கீல் அப்புக்காத்தரின் மருந்து, பின் அறை.

பின் அறை மேசையில் நான்கு வெறும் என்ஜின் பிளாக். ஒரே குடும்பத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுடையவை. 1300, 1600, 1750, 2000. வெளியே நாலும் ஒரே அலுமினியப் பெட்டி மாதிரி. வித்தியாசம் ஓட்டைகளின் அகலத்தில். துடைக்கும்போது இடம் மாறினால் அப்புக்காத்தர் கத்துவார். அதனால் எனக்கென்று ஓர் அளவு: அரிசி அளக்கும் பால் டின். 1300: வாயிலேயே நிற்கும். 1600: உரசிக்கொண்டு இறங்கும். 1750: லேசாக. 2000: பக்கத்தில் என் சின்ன விரலும் போகும். டின் மேசையில் டங் என்று விழும்.

அந்தச் சத்தத்துக்கு அவர் சிரிப்பார். சீனி வருத்தத்தில் கண் போய், விரல் நுனியும் மரத்துவிட்டது. மனைவியை மொண்டெல்லோக் கடற்கரைக்கு ஏற்றிப்போன காரின் பிளாக் அந்த 2000.

15, செவ்வாய்

அப்புக்காத்தர் தூங்கும் நேரம் அவருடைய தங்கை மகன் வந்தான். கூட இரண்டு பேர். 2000 பிளாக்கைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த இடத்தில் எங்கோ பொறுக்கிய 1300.

"மாமாவுக்குத் தெரியவா போகுது? வாயைத் திறக்காதை. வெள்ளிக்கிழமை உன்ரை கடிதத்திலை கையெழுத்து வைக்கிறன்."

பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குகிற அனுமதி, முடிய ஒரு கிழமைதான். வேலைக் கடிதம் இல்லாமல் புதுப்பிக்க மாட்டார்கள். கண் போனதிலிருந்து மாமாவின் கடதாசிகளுக்கெல்லாம் இவன்தான் கையெழுத்து.

மீன் கருகிவிட்டது.

17, வியாழன்

நித்திரை சரியில்லை. என்னோடு அறையில் இருக்கும் புஷ்பமக்காவிடம் சொன்னேன்.

"உனக்கேனடி உந்த இரும்புக் கதை? கடிதத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் கிட."

"இரும்பில்லையக்கா, அலுமினியம்."

"ஓம், அதுதான் இப்ப முக்கியம்!"

பகல் அப்புக்காத்தர் பின் அறைக்கு வந்தார். கடைசிப் பிளாக்கில் கை வைத்தார்.

"ரெண்டாயிரம்தானே?"

ஓம் என்றேன்.

"டின் போடேல்லையோ?"

டின்னைக் காணவில்லை என்றேன். டின் குசினியில், அரிசிக்குள். அவர் 1300ஐத் தடவிக்கொண்டு மனைவியின் பெயரைச் சொன்னார். இவ்வளவு வெட்கம் இந்த நாட்டில் எனக்கு வந்ததில்லை.

18, வெள்ளி

காற்று நின்று தூறல். எலுமிச்சை வாங்க மறந்துபோனேன்.

அப்புக்காத்தர் பின் அறைக் கதிரையில். தங்கை மகன் கடிதத்தை மேசையில் விரித்துப் பேனா மூடியைக் கழற்றினான். ஒரு நிமிடம் பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியவில்லை. குசினிக்குப் போய் டின்னை எடுத்து வந்து கடைசிப் பிளாக்கில் விட்டேன்.

சத்தம் வரவில்லை.

"இன்னொருக்கால் போடு" என்றார்.

போட்டேன். வாயிலேயே நின்றது.

"எங்கை அது?" கேள்வி எனக்கில்லை.

"வித்தாச்சு, மாமா." பேனாவை மூடிவிட்டு அவன் வெளியே போனான். போகும்போது என்னைப் பார்த்த பார்வை.

கடிதம் மேசையில் கிடந்தது. பிறகு அப்புக்காத்தர் என் பக்கம் கையை நீட்டினார்.

"கோடு எங்கையெண்டு காட்டு."

விரலைப் பிடித்துக் கோட்டில் வைத்தேன். எழுதினார். பெயரில் பாதி கடிதத்தில், பாதி மேசைவிரிப்பில்.

அனுமதி புதுப்பிக்கிற பொலிஸ் கந்தோரில், குவெஸ்தூராவில், இதை எடுப்பார்களோ தெரியாது. திங்கள் போய் வரிசையில் நிற்க வேண்டும்.