ஆறாவது வரி

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று மட்டும் கடை போனில் நானூற்றுப் பன்னிரண்டு செய்திகள். ஓணம் தொடங்கும் அத்தம் பிறக்க இரண்டு நாள்தான் இருக்கிறது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கிற எல்லோருக்கும் தோவாளைப் பூ வேண்டும். அதை ஒரு வரியில் சொல்ல மட்டும் ஒருவருக்கும் வராது. "நேற்றுச் சொன்னதுதான், மஞ்சள் கொஞ்சம் கூட்டி" என்பதற்கு மூன்று நிமிடக் குரல்செய்தி. நேற்று பாறசாலைக்குப் போக வேண்டிய வாடாமல்லி நெய்யாற்றின்கரைக்குப் போய்விட்டது. இடம் மாற்றிச் செய்தி வந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆள் பார்க்கணும் என்றார் முதலாளி. பன்னிரண்டு வருடம் ஆர்டர் எடுத்தவளிடம்!

ஆகஸ்ட் 25, திங்கள்

ஒரு படிவம் தயார் செய்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். ஆறே வரி: பூ, அளவு, இடம், நேரம், கொண்டுவரும் ஆள் (கடை வண்டியா, சொந்த ஆளா), ரிப்பனில் எழுத வேண்டிய பெயர். இதை நிரப்பாமல் பேசி அனுப்பினால் கேட்க மாட்டேன் என்றும் சொல்லியாயிற்று. முதல் நான்கு வரி என் பாடு. கீழே இரண்டும் வினோஜ் பாடு. வண்டி ஓட்டுவது, ரிப்பன் எழுதுவது எல்லாம் அவன்தான். ஒவ்வொரு பொட்டலத்திலும் "பொறுப்பு: பிரிஜா" என்று என் பெயரில் ஒரு சீட்டு. முதலாளிக்கு அதுதான் ரொம்பப் பிடித்துவிட்டது.

என் சொந்த போன் ஓணம் முடியும்வரை சத்தமில்லாமல் பைக்குள் கிடக்கட்டும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

தலை லேசாக இருக்கிறது. நான்கு வரி, அடுத்தது. நான்கு வரி, அடுத்தது.

ஆகஸ்ட் 30, சனி

குளோரியிடமிருந்து மூன்று குரல்செய்தி, ஐந்து மிஸ்டு கால். ஒரு செய்தி நான்கு நிமிடம். கல்லூரியிலிருந்தே அவள் அப்படித்தான், ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். நாள் முழுக்க போனோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து இன்னொன்றைத் தொடப் பிடிக்கவில்லை. ஓணம் முடியட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்விடலாம். அவள் அம்மா ராஜபாய் வைக்கும் மீன்குழம்பு சாப்பிட்டும் நாளாயிற்று. மூன்று வருடம், மகளுக்குக் கட்டும்போது எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக் கொடுத்தவர்.

செப்டம்பர் 2, செவ்வாய்

எண்பத்தாறு ஆர்டர், ஒரு தப்பில்லை. நடுவில் மலர்வளையம் இரண்டு, குளச்சல், மதியம் இரண்டு மணிக்குள். குளச்சல் என்றதும் குளோரி நினைவு வந்தது. கூப்பிட வேண்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி, திருவோணம்

இதை எழுதவும் வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மதியத்தோடு வேலை முடிந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது நிதானமாக போனைத் திறந்தேன். குளோரியின் முதல் செய்தி: "மக்கா, அம்மைக்கு முடியல்ல. ஆஸ்பத்திரில இருக்கோம். ஒன்னத்தான் கேக்கா, ஒரு எட்டு வந்துட்டுப் போ." அது இருபத்தொன்பதாம் தேதி. கடைசியாகச் செவ்வாய் விடிகாலையில் ஒரே வரி எழுத்து: அம்மை போயிட்டு.

செவ்வாய். குளச்சல். மலர்வளையம்.

பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பி ஓடினேன். கடை போனில் அந்த ஆர்டரைத் தேடி எடுத்தேன். ஆறாவது வரி: ராஜபாய். அதற்குக் கீழே என் பதில், "கிடைத்தது, நன்றி". கட்டைவிரல் படம் வேறு.

வினோஜிடம் கேட்டேன். ஆமாக்கா, நாந்தான் எழுதினேன், கொண்டு குடுத்ததும் நாந்தான், ஏன்க்கா என்றான். அவனுக்கு என்ன தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவள் நான். நான் என்ன செய்துகிட்டிருந்தேன்? நாலு வரி படிச்சுகிட்டிருந்தேன்.

செப்டம்பர் 6, சனி

போனேன். குளோரி வாசலில்தான் இருந்தாள். எழுந்திருக்கவும் இல்லை, அழவும் இல்லை. நான் ஏதேதோ உளறினேன் — ஓணம், படிவம், போன் பைக்குள் — எனக்கே கேட்கக் கூசியது. அவள் முடியும்வரை கேட்டாள். பிறகு சொன்னாள்:

"நீ போன் எடுக்கல்ல. அதான் சிஜோகிட்ட, பிரிஜா கடையிலயே பூவுக்குச் சொல்லுலே, அப்பிடியாவது அவளுக்குத் தெரியட்டும்னு சொன்னேன். பூ வந்துது. சீட்டுல ஒன் பேரு இருந்துது. செரி, ஒனக்குத் தெரிஞ்சிட்டு, பின்னாலயே வந்துருவேன்னு நெனச்சேன். பெட்டிய மூடட்டுமான்னு பங்குச் சாமியார் ரெண்டு தரம் கேட்டாரு. நீ வருவேன்னு பெட்டிய மூடாம வச்சிருந்தேன், ஏட்டி."

அவள் தம்பி சிஜோ பக்கத்தில்தான் நின்றான். அவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலோடு திரும்பி வந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

எவ்வளவு நேரம் மூடாமல் வைத்திருந்தார்கள்? கேட்கத் தைரியம் வரவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

ஏழாம் நாள் பூசைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். குளோரி திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்கு வந்தால் எல்லோர் முன்னாலும் முதலாளி பாராட்டுகிறார், இந்த ஓணத்துக்கு ஒரு ஆர்டர்கூடத் தப்பவில்லையாம். வினோஜ் தலையைக் குனிந்துகொண்டான். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

இப்போது ஆறு வரியும் படிக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்து ஆர்டர் குறைகிறது. முதலாளி முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும். ரிப்பனில் வருகிற பெயர் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு அம்மா.

குளோரிக்குத் தினமும் ஒரு செய்தி அனுப்புகிறேன். படிக்கிறாள். பதில் இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

பதினோரு மணிக்குக் கடை போனில் ஒரு ஆர்டர். புது நம்பர் இல்லை, குளோரியுடையது. நலமா என்று ஒரு சொல் இல்லை, படிவம் மட்டும்.

பூ: பிச்சியும் ரோஜாவும். அளவு: கல்லறைக்கு ஒரு மாலை. இடம்: குளச்சல். நேரம்: ஞாயிறு காலை ஆறு, அம்மைக்கு நாற்பத்தொன்றாம் நாள். கொண்டுவரும் ஆள்: பிரிஜா. ரிப்பனில் எழுத வேண்டிய பெயர்: ஒனக்குத் தெரியும்.

"கிடைத்தது" என்று பதில் போட விரல் போனது. போடவில்லை. என் சொந்த போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தாள். ஆறு வரியையும் அவளுக்கு வாசித்தேன், ஆறாவது வரிக்கு ராஜபாய் என்றேன்.